கேரவன் டிரெய்லர் இழுக்க பிக்கப் வாங்கப் போறீங்களா? மொதல்ல எடை மேடைக்குப் போங்க

இப்பல்லாம் அடிக்கடி எனக்கு ஒரே மாதிரி போன் வருது. "அண்ணே, ரெண்டு பேரு படுக்குற மாதிரி சின்னதா ஒரு கேரவன் டிரெய்லர் பாத்து வச்சிருக்கோம், அதை இழுக்க இசுசு வி-கிராஸ் பிக்கப் எடுக்கலாமா, டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் எடுக்கலாமா, எது நல்லா இழுக்கும்?" கேக்குறவங்க டாக்டரா இருப்பாங்க, இல்லன்னா துபாய், சிங்கப்பூர்ல இருந்துட்டு வந்து கே.கே.நகர் பக்கம் செட்டில் ஆனவங்களா இருப்பாங்க. நான் மதுரைல மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயர். நிலம் அளக்குற சர்வேயர் இல்லங்க, அடிபட்ட வண்டியப் பாத்து எப்படி அடிபட்டுச்சு, எவ்வளவு சேதம்னு ரிப்போர்ட் எழுதுற ஆளு. வண்டி ஷோரூம்ல மாலை போட்டு நிக்கிறப்ப என்னை யாரும் கூப்பிடுறதில்ல, பட்டறைல சப்பிப் போய் நிக்கிறப்பதான் கூப்பிடுவாங்க.

அதனால மொதல்லயே சொல்லிடுறேன், ரெண்டு வண்டியும் இழுக்கும். வி-கிராஸ்ல 1.9 லிட்டர் டீசல், 163 குதிரை சக்தி, 360 நியூட்டன் மீட்டர் டார்க் (எஞ்சினோட முறுக்கு விசை, பாரம் இழுக்க உதவுறது). ஹைலக்ஸ்ல 2.8 லிட்டர், 204 குதிரை, டார்க் மேனுவல்ல 420, ஆட்டோமேட்டிக்ல 500. ஒரு டன் டிரெய்லருக்கு இது தாராளம். எஞ்சினுக்குத் தெம்பு இல்லாம போய் டிரெய்லர் விபத்தானதுன்னு ஒரு ஃபைலும் என் டேபிளுக்கு வந்ததில்ல. வர்றதெல்லாம் நிறுத்த முடியாம போனது, வால் ஆடிக் கவுந்தது, கொக்கி பிஞ்சு போனது, இந்த மூணுதான். ஆனா போன்ல கேக்குறவங்க இந்த மூணைப் பத்தி ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க.

சரி, எடைல ஆரம்பிப்போம். டிரெய்லர் விக்கிறவங்க 700 கிலோன்னு சொல்றாங்கன்னா அது காலி எடை. அதுல 80 லிட்டர் தண்ணி ரொப்புனா 80 கிலோ. வீட்டு கேஸ் சிலிண்டர்ல கேஸ் மட்டும் 14.2 கிலோ, இரும்போட சேத்தா 30 கிட்ட வந்துரும். பழைய மாடல் 150 ஏஹெச் இன்வெர்ட்டர் பேட்டரி ஒண்ணு வச்சா அது ஒரு 50 கிலோவுக்கு மேல. அப்புறம் நம்ம ஆளுங்க டூர் போனா இட்லி சட்டி, ஊறுகா பாட்டில், பாய், தலகாணி, மாமியாருக்கு ஒரு நாற்காலின்னு ஏத்திக்கிட்டே இருப்பாங்க, தப்புன்னு சொல்லல, ஆனா அதெல்லாம் எடைதானே. 700ன்னு வாங்குனது கிளம்புறப்ப 950ல நிக்கும். அதனால பிக்கப்புக்கு அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி, டிரெய்லரை நீங்க ஊருக்குக் கிளம்புற மாதிரியே முழுசா ரொப்பி, கப்பலூர் பக்கமோ எங்கிட்டோ ஒரு எடை மேடைல ஏத்திச் சீட்டு வாங்கிருங்க. லோடு லாரிக்காரங்க தினம் செய்ற சோலிதான், நமக்கு என்ன கூச்சம்.

அங்க நிக்கிறப்பவே டயரையும் குனிஞ்சு பாருங்க. டயர் சைடுல சைஸ் எழுதிருக்குற இடத்துக்குப் பக்கத்துல ஒரு நம்பரும் எழுத்தும் இருக்கும், அந்த நம்பர்தான் லோடு இன்டெக்ஸ். 75ன்னு இருந்தா ஒரு டயர் 387 கிலோ தாங்கும், ரெண்டு டயருக்கு 774. நீங்க ஏத்தி வச்சிருக்கது 950. மே மாச வெயில்ல நாலு வழிச் சாலைல அந்த டயர் வெடிச்சா டயர் கம்பெனியத் திட்டிப் பிரயோஜனம் இல்ல.

அடுத்தது மூக்கு எடை. டிரெய்லரோட முன் கொக்கி பிக்கப்போட வால்ல எவ்வளவு அழுத்துதுங்குற கணக்கு. மாட்டு வண்டி ஓட்டுனவங்களுக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதே இல்ல, முன்பாரம் ஏத்துனா மாட்டுக் கழுத்து அமுங்கும், பின்பாரம் ஆச்சுன்னா நுகத்தடி மேல தூக்கி மாடு தொங்கும், இங்கயும் அதே சங்கதிதான். மொத்த டிரெய்லர் எடைல 10ல இருந்து 15 சதவீதம் மூக்குல இருக்கணும்னு ஒரு பொதுக் கணக்கு இருக்கு, 950 கிலோன்னா குறைஞ்சது 95 கிலோ. அதை அளக்குறதும் அதே எடை மேடைலயே ஆகும். மொதல்ல டிரெய்லரைக் கழட்டி தனியா முழுசா ஏத்தி ஒரு எடை. அப்புறம் பிக்கப்ல மாட்டி, பிக்கப் மேடைய விட்டு வெளிய நிக்க, டிரெய்லர் சக்கரம் மட்டும் மேடைல இருக்க மாதிரி ஒரு எடை. மொதல்ல 950, அடுத்து 850ன்னு வந்தா மூக்குல 100 கிலோ. தரை மட்டமா இருக்கணும், அவ்வளவுதான்.

இதுல பலருக்குப் புரியாத ஒரு விஷயம் இருக்கு. மூக்குல 100 கிலோன்னா பிக்கப் பின் அச்சுல 100 மட்டும் ஏறும்னு நினைக்கிறாங்க. அப்படி இல்ல. வி-கிராஸ், ஹைலக்ஸ் ரெண்டுக்கும் வீல்பேஸ், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவுல உள்ள தூரம், 3.1 மீட்டர் சுத்துதான். கொக்கி பின் அச்சுல இருந்து 1.2 மீட்டர் பின்னாடி நீட்டிக்கிட்டு இருக்குன்னு வைங்க, அப்ப பின் அச்சுல ஏறுறது கிட்டத்தட்ட 139 கிலோ. அந்தக் கூடுதல் 39 கிலோ எங்க இருந்து வந்துச்சு? முன் அச்சுல இருந்து. முன்னாடி வண்டி லேசாயிருச்சு, ஸ்டியரிங் பிடிமானம் குறைஞ்சிருச்சு, ராத்திரில ஹெட்லைட் எதிர்ல வர்றவன் கண்ணுல அடிக்கும். இதுக்கு மேல பின்னாடி தொட்டில ஜெனரேட்டர், ரெண்டு கேன் தண்ணி, பின் சீட்டுல மூணு பேருன்னு வச்சா வால் தரையப் பாத்து உக்காந்துரும். ரெண்டு பிக்கப்லயும் பின்னாடி பிளேடு ஸ்பிரிங்தான், தாங்கும்தான், ஆனா ஆர்சி புக்ல காலி எடை, லோடு எடைன்னு ரெண்டு நம்பர் போட்டிருக்கும் பாருங்க, அந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்குறதுதான் உங்க கையிருப்பு. ஆளு, சாமான், மூக்கு எடை எல்லாம் அதுக்குள்ள அடங்கணும். ஆளுங்க உக்காருற சொகுசு டபுள் கேபின்ல அந்தக் கையிருப்பு நீங்க நினைக்கிறத விடக் கம்மி. பிக்கப்னு பேரு இருக்குறதால மூட்டை ஏத்துற வண்டின்னு முடிவு பண்ணிறாதீங்க.

மூக்கு எடை குறைஞ்சா என்ன ஆகும்னு தெரியணும்னா ஆனி, ஆடி மாசத்துல திருநெல்வேலி தாண்டி நாகர்கோவில் ரோட்டுல ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் போய்ப் பாக்கணும். அத்தனை காத்தாலைய அங்க சும்மாவா நட்டு வச்சிருக்காங்க. ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்பாங்க, நீங்க நாலு மீட்டர் நீளம், ரெண்டு மீட்டர் உயரத்துக்குச் சப்பட்டையா ஒரு சுவத்தைக் கட்டி இழுத்துக்கிட்டு 90ல போறீங்க. சைடுல ஒரு காத்து அடிக்கும், இல்லன்னா ஒரு ஆம்னி பஸ் உரசுற மாதிரி ஓவர்டேக் பண்ணும், டிரெய்லர் லேசா இடது வலதுன்னு ஆட ஆரம்பிக்கும், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அது கூடிக்கிட்டே போகும், கடைசில பிக்கப்பையும் சேத்துச் சுத்தி எறிஞ்சிரும். அந்த நேரத்துல பயந்து போய் பிரேக்கை ஓங்கி மிதிக்கிறதும், ஆட்டத்தை அடக்க ஆக்சிலேட்டர் குடுக்குறதும்தான் கவுத்துறது. காலை ஆக்சிலேட்டர்ல இருந்து எடுங்க, ஸ்டியரிங்கை நேரா பிடிங்க, தானா வேகம் குறையட்டும். டிரெய்லருக்குத் தனி எலக்ட்ரிக் பிரேக் இருந்து கையால போடுற சுவிட்ச் இருந்தா அதை மட்டும் போடலாம். அப்புறம் ஓரங்கட்டி, பின்னாடி அலமாரில அடைச்ச சாமானை அச்சுக்கு முன்னாடி கொண்டு வாங்க. தார் மாதிரி குட்டை வீல்பேஸ் வண்டில (மூணு கதவு தாருக்கு 2.45 மீட்டர்தான்) இந்த ஆட்டம் இன்னும் வெரசா வண்டிய ஆட்டிப் படைக்கும், பிக்கப்போட நீளம் உண்மையிலயே உதவுறது இந்த இடத்துலதான்.

இப்ப மலை. மதுரைக்காரன் கேரவன் வாங்குனா மொதல் டூர் கொடைக்கானல்தான், வேற எங்க. (இ-பாஸ் எடுக்க மறந்துறாதீங்க, 2024 மே மாசத்துல இருந்து அது கட்டாயம்.) ஏறுறப்ப எல்லாருக்கும் சந்தோஷம், "பாத்தீங்களாண்ணே, என்னமா இழுக்குது"ம்பாங்க. 7,000 அடில இருந்து வத்தலக்குண்டுக்கு இறங்குறப்பதான் விஷயமே. பிக்கப் ரெண்டு டன் சுத்து, பின்னாடி ஒரு டன், பிரேக் மட்டும் பிக்கப்புக்கு மட்டும் இருக்குன்னா மூணு டன்னையும் அந்த நாலு சக்கரம்தான் பிடிக்கணும். பிரேக்லயே காலை வச்சுக்கிட்டு இறங்குனா பாதி வழியிலயே கருகல் வாடை வரும், அதுக்கப்புறம் பெடல் அமுங்கும், வண்டி நிக்காது. ஏறுன கியர்லயே இறங்கணும்னு லாரி டிரைவருங்க சொல்றது இதுக்குத்தான். ஆட்டோமேட்டிக்னா மேனுவல் மோடுல போட்டு ரெண்டாவது, மூணாவது கியர்ல பிடிச்சு நிறுத்துங்க, டி-ல போட்டு உருட்டாதீங்க. சமவெளியிலயும் இதே கதைதான், 60ல போறதை 80 ஆக்குனா நிறுத்த வேண்டிய சக்தி கிட்டத்தட்ட 1.8 மடங்கு ஆயிரும்.

யூடியூப்ல ஒருத்தர் "ஹைலக்ஸ், டிமேக்ஸ் எல்லாம் மூணரை டன் இழுக்கும்"னு சொல்றதைப் பாத்துட்டு வந்து எங்கிட்ட வாதாடுறாங்க. (டிமேக்ஸ்னா வேற இல்ல, நம்ம வி-கிராஸோட குடும்பம்தான்.) ஆஸ்திரேலியால அந்த 3,500 கிலோ உண்டுதான், ஆனா அது அந்த நாட்டு மாடலுக்கு, டிரெய்லர்ல தனி பிரேக் இருந்தா மட்டும். பிரேக் இல்லாத டிரெய்லருக்கு அங்கயே 750 கிலோதான். அந்த ரெண்டாவது நம்பரை வீடியோல யாரும் சொல்றதில்ல. என் அபிப்பிராயம், ரொப்புன எடை 750ஐத் தாண்டுச்சுன்னா டிரெய்லருக்குத் தனி பிரேக் இல்லாம வாங்கவே வாங்காதீங்க. பிக்கப் முட்டுறப்ப தானா பிடிக்கிற ஓவர்ரன் பிரேக்காவது இருக்கணும். போடிமெட்டு 17 கொண்டை ஊசிக்கு இன்னொரு விஷயம், பிக்கப்பே அஞ்சேகால் மீட்டருக்கு மேல, பின்னாடி நாலரை மீட்டர், வளைவுல டிரெய்லர் சக்கரம் பிக்கப் போன தடத்துல வராது, உள்பக்கமா வெட்டும். உள்பக்கம் கால்வாய் இருந்தா அதுக்குள்ளதான். மேகமலைக்கெல்லாம் டிரெய்லரோட போகணும்னு நினைச்சே பாக்காதீங்க.

கொக்கி விஷயத்துல எனக்கு ரொம்பக் கோவம் வரும். நல்ல விலை குடுத்து வண்டி வாங்கிட்டு, கொக்கிய மட்டும் பக்கத்துப் பட்டறைல பின் பம்பர் தகட்டுல வெல்டு வச்சு வாங்கிக்கிறாங்க. அப்படிப் பிஞ்சு வந்த ஒண்ணைக் கையில வச்சுப் பாத்தா கதை முழுக்கத் தெரியும். முறிஞ்ச இடத்துல முக்கால்வாசி துருவேறி காப்பிக் கலர்ல இருக்கும், ஓரமா ஒரு பட்டை மட்டும் வெள்ளி மாதிரி புதுசா மினுங்கும். அந்தத் துருப் பிடிச்ச பகுதி விபத்துக்கு ரொம்ப நாள் முன்னாடியே விரிசல் விட்டது, மழைத்தண்ணி அதுக்குள்ள போய் வந்திருக்கு, கடைசியா மிச்சமிருந்த அந்தப் பட்டைதான் அன்னைக்குப் போச்சு. கழுவுறப்ப வெல்டு ஓரத்தைத் தொட்டுப் பாத்திருந்தா பெயின்ட் வெடிச்சு சின்னதா ஒரு துருக்கோடு தெரிஞ்சிருக்கும். கொக்கி சேசிஸ்ல போல்ட் போட்டு நிக்கணும், பம்பர்ல இல்ல. அதோட குண்டு சைஸ், அதாவது பிக்கப் பக்கம் இருக்குற உருண்டை, டிரெய்லரோட கப் அது மேலதான் கவுந்து பூட்டும். 50 மில்லிமீட்டர் குண்டு உண்டு, ரெண்டு இஞ்ச் அதாவது 50.8 உண்டு, ஒண்ணே முக்காலே அரைக்கால் இஞ்ச், 47.6ம் உண்டு. 50க்கான கப்ல 47.6 மாட்டுனா பூட்டுன மாதிரியே இருக்கும், ஸ்பீடு பிரேக்கர்ல குதிச்சுக் கழண்டுரும். வெர்னியர் வச்சு அளந்துக்கோங்க. பாதுகாப்புச் சங்கிலி ரெண்டும் கொக்கிக்கு அடியில குறுக்க மாத்திப் போடணும், கழண்டாலும் மூக்கு தரைல குத்தாம அது மேல விழும்.

அப்ப எந்த வண்டி? ரொப்புன டிரெய்லர் 800க்குள்ள, ராமேஸ்வரம், கன்னியாகுமரி, செட்டிநாடுன்னு சமவெளிதான் அதிகம்னா வி-கிராஸ் போதும், மிச்சக் காசுல டிரெய்லருக்கு பிரேக் போடுங்க. ஒரு டன்னுக்கு மேல, மாசாமாசம் மலைன்னா ஹைலக்ஸ் ஆட்டோமேட்டிக். 4x4 தென்னந்தோப்பு ஈரத்துல டிரெய்லரை வெளிய எடுக்க உதவும், காஞ்ச தார் ரோட்டுல அதைப் போடாதீங்க. பொலேரோ கேம்பர் கேக்குறவங்களும் உண்டு, முரட்டு வண்டிதான், ஆனா பெரும்பாலும் மஞ்சள் போர்டு, எஃப்சி, வரின்னு தனி அலைச்சல், குடும்பத்தோட நாள் முழுக்க உக்காந்து போறதுக்கு இடுப்பு தாங்காது.

கடைசியா காகிதம். 1988 மோட்டார் வாகனச் சட்டத்துல மோட்டார் வாகனம்ங்குற விளக்கத்துக்குள்ளயே டிரெய்லரும் வருது, அதனால அதுக்குத் தனி ஆர்சி, தனி நம்பர், தனி இன்சூரன்ஸ் வேணும். லைசென்ஸுக்குக் கவலை வேண்டாம், எல்எம்வி (இலகுரக வண்டி) வரம்பு 7,500 கிலோ, இந்த சோடி அதுக்குள்ளதான் வரும். ஆனா கொக்கி மாட்டுனதை பிக்கப் பாலிசில எழுத்துல சேக்கச் சொல்லுங்க. ஷோரூம்ல பிரேக்கோட எவ்வளவு, பிரேக் இல்லாம எவ்வளவு இழுக்கலாம், மூக்கு எடை எவ்வளவு வைக்கலாம், வெளிய கொக்கி மாட்டுனா வாரன்டி நிக்குமான்னு நாலு கேள்வி மெயில்ல கேட்டு, பதிலை மெயில்லயே வாங்கி வைங்க. "அதெல்லாம் தாராளமா இழுக்கும் சார்"னு சேல்ஸ் தம்பி வாயால சொன்னதை என்னால ரிப்போர்ட்ல எழுத முடியாது.