சார்ட்டோரியஸ்: சம்மணத் தசை

இடுப்பின் முன்புறத்தில் பக்கவாட்டாகக் கையை வைத்தால் தட்டுப்படும் எலும்பு முனையில் தொடங்கி, தொடையின் குறுக்கே சாய்வாக இறங்கி, முழங்காலுக்குச் சற்றுக் கீழே கணைக்கால் உள்ளெலும்பின் உட்பக்கத்தில் பொருந்தும் நாடா போன்ற மெல்லிய தசைக்குச் சார்ட்டோரியஸ் என்று பெயர். மனித உடலின் தசைகளில் மிக நீளமானது இதுவே.

இலத்தீனில் 'சார்ட்டோர்' என்றால் கிழிந்த துணியை ஒட்டுப்போட்டுச் செப்பனிடுபவர், தையற்காரர். ஐரோப்பியத் தையற்காரர்கள் காலை மடக்கிக் குறுக்கே போட்டு அமர்ந்து தைத்த காலத்தில், அந்த இருக்கைக்கு உதவுவது இத்தசை என்று கருதிய உடற்கூற்றியலார் அவர்கள் தொழிலையே இதற்குப் பெயராக்கினர். ஆகவே பெயரின் உயிர் தையலில் இல்லை, அமரும் விதத்தில் இருக்கிறது.

அப்படி அமர இத்தசை எவ்வாறு உதவுகிறது என்பதற்கு விடை, அதன் இரு முனைகளும் எங்கே பற்றியிருக்கின்றன, இடையில் எந்த வழியாகச் செல்கிறது என்பவற்றில் உள்ளது. எந்தத் தசையும் எலும்பைத் தள்ளுவதில்லை. சுருங்கித் தன் இரு முனைகளையும் ஒன்றை நோக்கி ஒன்றாக இழுக்க மட்டுமே அதற்குத் தெரியும். சார்ட்டோரியஸ் இடுப்பு மூட்டுக்கு முன்னால் செல்வதால் தொடை மேலே தூக்கப்படுகிறது; வெளிப்புறத்தில் தொடங்கி உட்புறத்தில் முடிவதால் தொடை அகன்று வெளிநோக்கித் திரும்புகிறது. முழங்காலிலோ அது மூட்டு மடங்கும் அச்சுக்குப் பின்னால் கடந்துவிட்டு, பிறகே முன்னோக்கி வளைந்து எலும்பைப் பற்றுகிறது; அதனால் முழங்கால் மடங்குகிறது, மடங்கிய நிலையில் கணைக்கால் உள்நோக்கித் திரும்புகிறது. இந்த அசைவுகள் அனைத்தும் ஒன்றுசேர்ந்தால் கிடைப்பது சம்மணம். இவற்றில் எதையும் இத்தசை தனியே செய்வதில்லை. ஒவ்வொன்றுக்கும் இதைவிட வலிய தசைகள் உள்ளன என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இதன் அண்டைத் தசையோடு ஒப்பிட்டால் செய்தி இன்னும் தெளிவாகும். சார்ட்டோரியஸ் தொடங்கும் முனைக்குச் சற்றுக் கீழேயே ரெக்டஸ் ஃபெமோரிஸ், அதாவது தொடை நேர்த்தசை, தொடங்குகிறது. இரண்டையும் இயக்குவது ஒரே தொடை நரம்பு. இரண்டும் இடுப்பில் தொடையைத் தூக்குகின்றன. ஆனால் நேர்த்தசை முழங்காற்சில்லின் வழியாக மூட்டுக்கு முன்னால் இறங்கிக் கணைக்கால் உள்ளெலும்பின் முன்மேட்டில் பொருந்துவதால், அது முழங்காலை நீட்டுகிறது, சார்ட்டோரியஸ் மடக்குகிறது. அருகருகே தொடங்கியும், ஒரே நரம்பைப் பெற்றும், அச்சுக்கு முன்னா பின்னா என்ற ஒரே வேறுபாட்டால் இரண்டும் எதிரெதிராக இயங்குவதை நான் உடலமைப்பின் மிக அழகிய பாடங்களில் ஒன்றாகவே கருதுகிறேன்.

இனித் தமிழ்ப் பெயர். இலத்தீனை நேராகப் பெயர்த்தால் தையல் தசை என்று வரும். ஆனால் மருத்துவத்தில் தையல் என்றால் காயத்துக்குப் போடும் தையல் என்பதால், தையல் போடப்பட்ட தசை என்ற மயக்கத்துக்கு அது இடம் தரும். தையற்காரத் தசை என்பதில் அந்த மயக்கம் இல்லை என்றாலும், இன்றைய தையற்காரர் நாற்காலியில் அமர்ந்து தையல் இயந்திரத்தை மிதிப்பவர். அவரை நினைத்துக்கொண்டு மாணவர் இத்தசையின் வேலையை ஊகிக்க முடியாது. சம்மணம், சப்பணம், சப்பளம் என்று ஊருக்கு ஊர் வடிவம் மாறினாலும், பந்தியில் உட்காரும் பிள்ளைக்கும் தெரிந்த சொல் நம்மிடம் இருக்கிறது. சம்மணத் தசை என்றால், எந்த மூட்டு எந்தப் பக்கம் அசையும் என்பதைப் பெயரே காட்டிவிடும். பாடநூலில் முதல் முறை 'சம்மணத் தசை (சார்ட்டோரியஸ்)' என்று எழுதி, அடுத்தடுத்த இடங்களில் தமிழ்ப் பெயரை மட்டும் ஆளலாம்.