படி: நகலுக்கும் காப்பிக்கும் உரிய தமிழ்ச்சொல்

புதுச்சேரியில் ஸ்டூடியோக்காரரிடம் கல்யாண டிவிடியை நீட்டி ‘இரண்டு காப்பி போடுங்கள்’ என்று சொல்லும் அதே மனிதர், அடுத்த கடையில் அதே தொடரைச் சொன்னால் ஆவி பறக்க வேறொன்று வரும். டிவிடி, சிடி போன்ற வட்டுகளைக் காப்பி எடுக்க எந்த மென்பொருள் நல்லது என்று கேட்பவர், முதலில் இந்தச் சொல்லைப் பார்ப்பது நல்லது. குடிக்கும் காப்பி அரபு மொழியின் ‘கஹ்வா’விலிருந்து கிளைத்தது. வட்டுக்குப் போடும் காப்பியோ, மிகுதி என்று பொருள்படும் ‘கோப்பியா’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தை அடைந்து நம்மிடம் வந்தது.

‘நகல்’ தமிழ் என்றே பலர் எண்ணுகிறார்கள். ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுபோதலையும் படியெடுத்தலையும் குறிக்கும் ‘நக்ல்’ என்ற அரபுச் சொல்லே, பாரசீகம், உருது வழியே கச்சேரி எனப்பட்ட நீதிமன்றங்களுக்கும் வருவாய் அலுவலகங்களுக்கும் வந்து நகல் ஆயிற்று. அதன் இணையான ‘அசல்’ என்பதும் வேர், மூலம் என்று பொருள்படும் அரபுச் சொல்தான். ‘பிரதி’ வடமொழி.

நம் சொல் ‘படி’. ஒப்பு, உருவம் என்ற பொருள்கள் அதற்கு உண்டு; ஒன்றன்மேல் ஒன்று படிந்து அதன் உருவைப் பெறுவதால் அவை வந்தன என்பர் சிலர். படிமம், படிமை ஆகியவற்றையும் அதன் உறவினர் என்பர். வாசற்படி, அளக்கும் படி, பஞ்சப்படி, ‘பாடத்தைப் படி’ என்று அதற்கு வேலை அதிகம் என்பது உண்மையே. ஆயினும் ‘படியெடுத்தல்’ என்று வினையோடு சேர்த்துவிட்டால் குழப்பம் இல்லை. ஓலை செல்லரித்துப் போகுமுன் புதிய ஓலையில் எழுதிக்கொள்வதை நம் முன்னோர் அப்படித்தான் சொன்னார்கள். ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை புதுச்சேரியில் எழுதிய நாட்குறிப்பு 1846-இல் கண்டெடுக்கப்பட்டபோது, அதற்கும் படியெடுத்தார்கள்.

வட்டுக்கு மென்பொருள் தேடுபவருக்கு இந்தச் சொல்லாய்வு எதற்கு என்று கேட்கலாம். ‘காப்பி’ என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு செயல்கள் ஒளிந்திருக்கின்றன. வட்டை உள்ளவாறே ஒரே கோப்பாக எடுப்பது படியெடுத்தல், அக்கோப்பு வட்டுப்படிமம். பாட்டையோ படத்தையோ வேறு வடிவுக்கு மாற்றி எடுப்பதை, கடைக்காரர்கள் ‘ரிப்’ என்பதை, பிரித்தெடுத்தல் எனலாம். கடைகளில் விற்கும் திரைப்பட டிவிடிகள் பலவற்றில் படியெடுப்பதைத் தடுக்க வைத்திருக்கும் மறைகுறியீட்டுப் பூட்டை நீக்குவது பூட்டுடைத்தல். இம்ஜ்பர்ன் (ImgBurn), கே3பி (K3b) போன்ற மென்பொருள்கள் பூட்டில்லாத வட்டைப் படியெடுக்கப் போதுமானவை; இம்ஜ்பர்ன் தானாகப் பூட்டை உடைக்காது. ‘எதையும் காப்பி எடுக்கும்’ என்று விளம்பரம் செய்யும் மென்பொருளில் மூன்றாவது செயலும் சேர்ந்திருக்கலாம்; விலையைப் பார்க்குமுன் அதைப் பார்க்க வேண்டும்.

இந்தியச் சட்டமும் இவற்றைப் பிரித்தே பார்க்கிறது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, முறையாக வாங்கிய கணினி நிரலுக்கு, இழப்பு, சேதம் ஆகியவற்றிலிருந்து காத்துக்கொள்ளப் படிகள் எடுத்து வைத்துக்கொள்ள இடம் தருகிறது. கணினி நிரல் அல்லாத படைப்புகளைத் தனிப்பட்ட பயனுக்காக நியாயமாகக் கையாள்வதற்கும் விலக்களிக்கிறது. 2012 திருத்தத்தில் சேர்ந்த 65அ பிரிவோ, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பவருக்கு இரண்டாண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது. சட்டம் தடுக்காத ஒரு நோக்கத்துக்காகப் பிறருக்குப் பூட்டைத் திறக்க உதவுபவர், அவருடைய பெயர், முகவரி முதலியவற்றைப் பதிந்து வைக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. ஸ்டூடியோக்காரர்கள் கவனிக்க வேண்டிய வரி அது.

இன்னொரு பிழையும் பரவலாக உள்ளது. நாளிதழ்களே இதைக் ‘காப்புரிமைச் சட்டம்’ என்று எழுதுகின்றன. காப்புரிமை புதுப்புனைவுக்கு, அதாவது பேட்டன்டுக்கு, உரியது. அதற்கு 1970-ஆம் ஆண்டின் தனிச்சட்டம் இருக்கிறது. பாட்டு, படம், நூல், நிரல் ஆகியவற்றைப் படியெடுப்பதற்கான உரிமை பதிப்புரிமையே.