வயிறு நிறைந்த பூனை ஏன் காலைக் கடிக்கிறது?

போன வாரம் ஒரு அக்கா வாட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பியிருந்தார். தக்கலைக்காரர், ஒரு வருடமாக நாகர்கோவிலில் ஒரு மூன்றாவது மாடி வீட்டில் குடியிருக்கிறார், கூட ஒரு பெண் பூனை. அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "சாரே, மூணு நேரமும் சாளையும் சோறும் குடுக்கேன், வயிறு பந்து மாதிரி இருக்கு. ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு வந்து போர்வைக்குள்ள இருக்குற காலைப் புடிச்சுக் கடிக்கு. சுவத்துல பல்லியைக் கண்டா கொல்லாம விடாது, கொன்னா தின்னவும் செய்யாது. ரெண்டு நாள் பட்டினி போட்டா அடங்கும்னு மாமியார் சொல்லுகாவ. போடலாமா?"

போடவே கூடாது அக்கா. குண்டான பூனை இரண்டு மூன்று நாள் ஒன்றும் தின்னாமல் கிடந்தால் உடம்பிலுள்ள கொழுப்பு ஈரலில் போய்ச் சேர ஆரம்பிக்கும், அப்புறம் அது பிழைப்பதே கஷ்டம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதை நிதானமாகப் பேசலாம்.

மாமியார் சொன்னதை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். நாஞ்சில் நாட்டில் பத்தாயத்தில் நெல் போட்டு வைத்திருந்த வீடுகளில் எல்லாம் இதே நம்பிக்கைதான் இருந்தது: பூனைக்குச் சோற்றைக் குறைத்தால்தான் எலி பிடிக்கும். பசித்தால் வேட்டை, வயிறு நிறைந்தால் தூக்கம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது, நானும் வெகு காலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். 1976இல் ராபர்ட் ஆடமெக் என்ற ஆய்வாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். பூனைகள் தங்களுக்குப் பிடித்த உணவைத் தின்றுகொண்டிருக்கும்போது எதிரே ஒரு எலியை விட்டார். பூனைகள் தட்டை அப்படியே போட்டுவிட்டுப் போய் எலியைக் கொன்றன. கொன்ற கையோடு திரும்பி வந்து, எலியை விட்டுவிட்டு, பழைய தட்டிலேயே சாப்பாட்டைத் தொடர்ந்தன.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இதில் ஆச்சரியமே இல்லை. ஒரு சுண்டெலியில் இருப்பது சுமார் 30 கலோரி. நாலு கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு 200 கலோரிக்கு மேல் வேண்டும். அப்படியானால் காட்டில் வாழும் பூனை தினமும் ஏழெட்டு எலியாவது பிடித்தாக வேண்டும், பாய்ந்த பாய்ச்சலெல்லாம் பலிப்பதும் இல்லை. வயிறு காய்ந்த பிறகுதான் கிளம்புவேன் என்று படுத்திருக்கும் பூனை அந்தக் கணக்கை எட்டவே எட்டாது. பசி வேட்டையைக் கூட்டும், அது உண்மைதான். ஆனால் வேட்டையைத் தொடங்கி வைக்கும் விசை வயிற்றில் இல்லை, தலைக்குள் தனியாக இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வந்துவிட்டோம். கொஞ்சம் மெதுவாகவே போகிறேன்.

மூளையின் அடிப்பக்கத்தில் ஹைப்போதலாமஸ் என்று ஒரு சிறு பகுதி உண்டு. பசி, தாகம், உடல் வெப்பம் எல்லாவற்றையும் கவனிப்பது அதுதான் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். சுவிட்சர்லாந்தில் வால்டர் ஹெஸ் என்பவர் பூனையின் மூளையில் அந்தப் பகுதிக்கு மிக மெல்லிய கம்பிகளைச் செலுத்தி, துளி மின்சாரம் கொடுத்து, பூனை விழித்து நடமாடும்போதே என்ன செய்கிறது என்று வருடக்கணக்கில் கவனித்தார். 1949இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. குறிப்பிட்ட ஒரு இடத்தில் மின்சாரம் பட்டால் பூனை முதுகை வளைத்து, மயிர் சிலிர்த்து, சீறியது. அது கோபம், நாயைக் கண்ட பூனை காட்டுகிற கோபம்.

1962இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் வாஸ்மன், ஃபிளின் என்ற இருவர் ஒரு படி மேலே போனார்கள். ஹைப்போதலாமஸின் நடுப்பக்கத்தைத் தூண்டினால் ஹெஸ் கண்ட அதே சீற்றம். அங்கிருந்து கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளித் தூண்டினாலோ பூனை சத்தமே போடவில்லை. காது மடங்கவில்லை, நகத்தால் பிறாண்டவும் இல்லை. கண்ணை எலிமேல் வைத்து, உடம்பைத் தாழ்த்தி, நேராகப் போய்ப் பிடரியைக் கடித்தது. சாதாரண நேரத்தில் எலியைச் சட்டையே செய்யாத பூனைகள் இவை. கோபத்துக்கு ஒரு பாதை, வேட்டைக்கு வேறொரு பாதை. அக்கா, உங்கள் பூனை ராத்திரியில் காலைக் கடிக்கும்போது சீறுகிறதா? சீறாது என்றுதான் நினைக்கிறேன். உங்கள்மேல் அதற்குக் கோபமோ பழியோ ஒன்றும் கிடையாது. போர்வைக்கு அடியில் சின்னதாக ஏதோ ஓடுகிறது, வேட்டைப் பாதை திறந்துகொள்கிறது.

1966இல் ஃபிளினும் மெக்டானலும் சேர்ந்து கண்டுபிடித்தது இன்னும் அழகு. பூனையின் உதட்டோரத்தை ஒரு குச்சியால் மெல்லத் தொட்டுப் பார்த்தார்கள். சும்மா இருக்கும் பூனையிடம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. வேட்டைப் பாதையைத் தூண்டிவிட்டுத் தொட்டால், வாய்ப்பக்கம் எங்கே தொட்டாலும் தலை குச்சியை நோக்கித் திரும்பியது, குச்சி உதட்டின் விளிம்பில் பட்ட கணத்தில் வாய் தானாகத் திறந்து கடித்தது. மின்சாரத்தைக் கூட்டக் கூட்ட, தொட்டால் கடிக்கும் அந்தப் பரப்பும் உதட்டைச் சுற்றி விரிந்துகொண்டே போனது. உதட்டுத் தோல் எப்போதும் அதே தோல்தான், அதற்கு என்ன அர்த்தம் என்பதை மட்டும் மூளை அந்தந்த நேரத்தில் மாற்றி எழுதுகிறது. சும்மா இருக்கும்போது அது தடவிக் கொடுக்க ஏற்ற இடம், வேட்டையில் அதுவே பொறியின் விசை. முதன்முதல் இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

இதோடு மீசையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பூனையின் கண்ணுக்கு எட்டத்தில் இருப்பது நன்றாகத் தெரியும், முகத்துக்கு நேர் கீழே ஒரு சாணுக்குள் இருப்பது மங்கிவிடும். அதனால் பாயும் கணத்தில் மீசை மயிர்கள் விசிறிபோல முன்னால் விரிந்து இரையைத் தொட்டுப் பார்க்கின்றன. கண் கொண்டுபோய் மீசையிடம் ஒப்படைக்கிறது, மீசை உதட்டிடம், உதடு பல்லிடம். ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. இப்போது சிலர் லேசர் விளக்கை வாங்கிச் சுவரில் சிவப்புப் புள்ளியை ஓட்டிப் பூனையை அலைய விடுகிறார்கள். பூனை ஓடும், பாயும், ஆனால் காலுக்கு அடியில் ஒன்றும் இருக்காது. மீசைக்கும் உதட்டுக்கும் வேலையே வராமல் சங்கிலி பாதியில் தொங்கும். அந்த விளையாட்டு எனக்குப் பிடிப்பதில்லை.

ஹெஸ்ஸும் ஃபிளினும் செய்தது போன்ற சோதனைகளுக்கு இன்று எளிதில் அனுமதி கிடைக்காது, கிடைக்கவும் கூடாது என்பது என் கருத்து. ஆனால் அந்தப் பூனைகள் பட்ட பாட்டில் தெரிந்துகொண்டதை நம் வீட்டுப் பூனைக்காவது பயன்படுத்த வேண்டும்.

பால் லைஹவுசன் என்ற ஜெர்மானியர் பூனைகளுக்கு ஒன்றன்பின் ஒன்றாக எலிகளை விட்டுக்கொண்டே இருந்து பார்த்தார். முதலில் தின்பது நின்றது, அப்புறம் கொல்வது, அப்புறம் பிடிப்பது. பதுங்கிப் பார்ப்பது மட்டும் கடைசிவரை ஓயவில்லை. வயிற்றுப் பசி தீர்ந்தாலும் பதுங்கும் பசி தீர்வதில்லை. மாடி வீட்டுப் பூனைக்குத் தட்டில் மீன் இருக்கிறது, பதுங்குவதற்குத்தான் ஒன்றுமே இல்லை. பல்லியும் உங்கள் காலும்தான் இருக்கின்றன.

சரி, என்ன செய்யலாம்? ஒரு நீளமான ஈர்க்கிலை எடுத்து நுனியில் நூலால் ஒரு கோழி இறகைக் கட்டுங்கள். கடையில் விற்கும் பொம்மையைவிட இது நன்றாகவே வேலை செய்யும். இறகைப் பூனையின் முகத்துக்கு நேரே ஆட்டாதீர்கள், எந்த எலியும் பூனையைத் தேடி வராது. விலகி ஓட விடுங்கள், கதவுக்குப் பின்னால் பாதி மறைத்து நிறுத்துங்கள், ஒரு நொடி அசையாமல் வைத்துவிட்டு மெல்லச் சொறிவதுபோல ஆட்டுங்கள். பின்பக்கத்தை அது ஆட்ட ஆரம்பித்தால் பாயப் போகிறது என்று அர்த்தம். கடைசியில் கட்டாயம் பிடிக்க விடுங்கள், பிடித்ததைக் கடிக்க விடுங்கள். 2002இல் இங்கிலாந்தில் ஹால், பிராட்ஷா குழுவினர் கண்ட ஒரு விஷயம் இதற்கு ரொம்ப உதவும்: ஒரே பொம்மையை இரண்டு மூன்று தடவை காட்டினால் பூனைக்குச் சலித்துவிடுகிறது, ஆனால் சலித்த ஐந்து நிமிடத்தில் வேறு பொம்மையைக் கொடுத்தால் முன்பைவிட மூர்க்கமாக விளையாடுகிறது. எவ்வளவு கடித்தாலும் பிய்யாமல், மாறாமல் இருப்பது எலி இல்லை என்று தெரிந்துகொள்கிறது போலும். அதனால் இறகு சலித்தால் சுருட்டிய காகிதம், அதுவும் சலித்தால் ஒரு சாக்குத் துண்டு.

ஒரு நாளைக்கு ஐந்து பத்து நிமிடம் இப்படிப் போதும். 2021இல் எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தினர் வெளியே திரியும் வீட்டுப் பூனைகளைக் கவனித்ததில், தினமும் அவ்வளவு நேரம் விளையாடிய பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த இரை 25 சதவீதம் குறைந்தது. தானியமில்லாமல் இறைச்சி அதிகமுள்ள தீனி கொடுத்தபோது 36 சதவீதம் குறைந்தது.

இங்கே சாளையும் சோறும் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. சோறு வயிற்றை நிரப்பும், பூனைக்கு வேண்டியதைத் தராது. டாரின் என்ற சத்தை அதன் உடம்பால் போதுமான அளவு செய்துகொள்ள முடியாது, இறைச்சியிலிருந்துதான் கிடைக்க வேண்டும், குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும். சாளையைப் பச்சையாகத் தினமும் போடாதீர்கள், அதிலுள்ள ஒரு நொதி வைட்டமின் பி1ஐ அழித்துவிடும், வேகவைத்தால் நொதி போய்விடும். வேகவைத்தாலும் சாளை மட்டுமே போதாது, கோழி, கோழி ஈரல், முட்டை என்று மாற்றிக் கொடுங்கள், கொஞ்சம் பூனைத் தீனியும் சேர்க்கலாம். மீன்கறியில் கிடந்த துண்டைக் கழுவிப் போடுவது வேண்டவே வேண்டாம், கறியில் சேரும் உள்ளி, அதாவது வெங்காயம், பூனையின் சிவப்பணுக்களை உடைத்துவிடும்.

மற்றதெல்லாம் எளிது. பூனைக்கு உயரம் வேண்டும், அலமாரி மேலே ஒரு பழைய துணி போட்டுக் கொடுத்தால் அதுவே அதன் பரண். நகம் தீட்டுவது அடம் இல்லை, பழைய நக உறையைக் கழற்றுவதற்கும் பாதத்திலுள்ள சுரப்பியின் மணத்தைப் பதிப்பதற்கும் அப்படிச் செய்கிறது. சோஃபாவுக்குப் பதில் ஒரு கட்டையில் தும்புக் கயிற்றை நெருக்கமாகச் சுற்றி, பூனை எக்கி நின்றாலும் உயரம் மிஞ்சுமாறு அசையாமல் நிறுத்துங்கள். ஈத்தாமொழித் தேங்காய் விளையும் மாவட்டத்தில் தும்புக்கு எங்கே போவது என்று கேட்க வேண்டியதில்லை. தீனியில் கொஞ்சத்தை நாலைந்து சிரட்டைகளுக்கு அடியில் ஒளித்து வையுங்கள், தேடித் தின்னட்டும்.

பூனையை வெளியே விட்டுவிட்டால் இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. என் முதல் பூனை மார்த்தாண்டம் போகும் சாலையில் லாரியில் அடிபட்டுச் செத்தது, அதனால் இரண்டாவதை வெளியே விடவில்லை. தேரூர், சுசீந்திரம் குளங்களுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. உலக முக்கியத்துவம் உள்ள நீர்நிலைகளின் ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்ந்த இடம் அது, வலசை வரும் பறவைகளுக்குத் தெருவில் திரியும் பூனையால் வரும் ஆபத்தைக் குறைப்பது நம் கையில் இருக்கிறது.

கடைசியாகக் குப்பைமேனி. இதற்குப் பூனைவணங்கி என்றும் ஒரு பேர் உண்டு என்பது பாட்டிமார்களுக்குத் தெரியும். வேரோடு பிடுங்கிப் போட்டால் பல பூனைகள் அந்த வேரில் முகத்தை உரசி, உருண்டு, கிறங்கிப் போகும். அந்த வேரில் பூனையை இழுக்கும் வேதிப்பொருள் எது என்று 2016இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பிரித்து எழுதினார்கள். மேலைநாட்டார் சொல்லும் பூனைப் புதினாவில் இருப்பதற்கு நெருங்கிய உறவுப் பொருள் அது. அதே குடும்பத்துப் பொருள் ஒன்று பூனையின் மூளையில் இன்பம் தரும் பாதையைத் தூண்டுகிறது, மேலே பூசிக்கொண்டால் கொசுவையும் விரட்டுகிறது என்று 2021இல் ஜப்பானின் இவாத்தே பல்கலைக்கழகத்தினர் காட்டினார்கள். வேலியோரமெல்லாம் முளைக்கிற செடி, பேரிலேயே கண்டுபிடிப்பை வைத்திருக்கிற மொழி, ஆனாலும் வேதியியலை யாரோ எங்கோ செய்து சொல்ல வேண்டியிருக்கிறது. நம் ஊர்க் கல்லூரிகளில் இதைச் செய்யக்கூடிய பிள்ளைகள் இருக்கிறார்கள், கருவிக்கும் ரசாயனத்துக்கும் பணம்தான் இல்லை. கறுப்புப் பூனை குறுக்கே போனதற்குப் பரிகாரம் செய்ய ஆகும் செலவைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. தன் எல்லையைச் சுற்றிப் பார்க்கப் போகும் ஒரு பிராணியின் நடையில் நம் ஜாதகம் எப்படி இருக்கும்?

வேரைக் கழுவி முகர மட்டும் கொடுங்கள், செடியைத் தின்ன விடாதீர்கள். எல்லாப் பூனையும் மயங்காது, மயங்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

அக்கா, இன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் பாதியை எடுத்து வைத்துவிடுங்கள். படுக்கப் போவதற்கு முன் பத்து நிமிடம் ஈர்க்கில் விளையாட்டு, கடைசியில் இறகைப் பிடித்துக் கடிக்கட்டும், அந்தக் கையோடு எடுத்து வைத்த பாதியைக் கொடுங்கள். முதல் வாரம் காலைக் கடிக்க வரத்தான் செய்யும். வந்தால் காலை இழுக்காதீர்கள், கத்தவும் வேண்டாம். ஓடுகிற கால் எலி, அசையாத கால் வெறும் கட்டை. பிடித்து, தின்று முடித்த பூனை அடுத்ததாக உட்கார்ந்து முன்னங்காலை நக்கி முகத்தைத் துடைக்க ஆரம்பிக்கும், அப்புறம் அதற்குத் தூக்கம்தான். துடைக்க ஆரம்பித்ததும் நீங்கள் விளக்கை அணைக்கலாம்.