ஷாப்பரோன் புரதம்: தமிழில் எப்படிச் சொல்லலாம்?

பிரெஞ்சில் ஷாப்பரோன் என்பது முதலில் தலையையும் தோளையும் மூடுகிற முக்காடு. கல்யாணமாகாத பெண்ணுக்குத் தகாத சகவாசம் வந்துவிடாமல் கூடவே போகிற மூத்த பெண்மணி என்ற பொருள் பிறகு வந்தது. 1978இல் ரான் லாஸ்கி என்ற விஞ்ஞானியும் சகாக்களும் தவளை முட்டையில் உள்ள நியூக்ளியோபிளாஸ்மின் என்ற புரதத்துக்கு இந்தப் பெயரை வைத்தார்கள். ஹிஸ்டோன்களும் (டிஎன்ஏ சுற்றிக்கொள்ளும் புரதங்கள்) டிஎன்ஏவும் கண்டபடி ஒட்டித் திரண்டுவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை, காரியம் முடிந்தால் விலகிவிடும். 1987இல் ஜான் எல்லிஸ் இதை, மற்ற புரதங்கள் சரியாக மடியவும் கூடவும் உதவிவிட்டு விலகிவிடுகிற ஒரு பெரிய புரதக் கூட்டத்துக்கே பொதுப்பெயராக்கினார்.

புதிதாக உருவாகும் புரதம் வெறும் அமினோ அமிலச் சங்கிலிதான். அதில் தண்ணீருக்கு ஆகாத பகுதிகள் மடிந்து உள்ளே போய்விட வேண்டும், ஆனால் மடிகிற வரை அவை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், செல்லுக்குள்ளோ ஒரே நெரிசல், பக்கத்துச் சங்கிலியோடு ஒட்டிக்கொண்டால் கட்டிதட்டிப் போகும். ஹெச்எஸ்பி70 என்ற ஷாப்பரோன் அந்தப் பகுதியைத்தான் பிடிக்கிறது. கையிலிருக்கும் ஏடிபி (செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு) உடைந்ததும் பிடி இறுகும். புது ஏடிபி வந்து உட்கார்ந்ததும் விட்டுவிடும். எந்த வடிவம் என்பதை அது சொல்லித்தருவதில்லை, அந்தத் தகவல் சங்கிலியிலேயே இருக்கிறது.

சரி, நோய்க்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? கண்வில்லையின் முதிர்ந்த நார்செல்கள் புதுப் புரதம் செய்வதில்லை. அங்கே ஆல்ஃபா கிரிஸ்டலின் என்ற ஷாப்பரோன் பழுதான புரதங்களைப் பிடித்து வைத்துக்கொண்டே இருக்கிறது. வயதாக ஆக அதன் கையிருப்பு தீர்ந்து புரதம் திரள்வது கண்புரைக்கு ஒரு காரணம். நுரையீரலைப் பாதிக்கும் பரம்பரை நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸில் கதை வேறு. செல்லின் மேற்பரப்பில் உப்பு அயனிகளைக் கடத்தும் சிஎஃப்டிஆர் புரதத்தில் 508ஆவது இடத்து ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலம் ஒன்று குறைந்தால் போதும், மடிப்பு கோணலாகிறது, ஷாப்பரோன்களும் சேர்ந்த தரக்கட்டுப்பாடு அதை அழிப்புக்கு அனுப்பிவிடுகிறது. செல்லின் மேற்பரப்புக்குப் போய்ச் சேர்ந்திருந்தால் ஓரளவு வேலை செய்திருக்கும் புரதம் அது! புற்றுநோய் செல்கள் இன்னும் மோசம்: திரிபடைந்த தங்கள் புரதங்கள் குலையாமல் நிற்க ஹெச்எஸ்பி90 என்ற ஷாப்பரோனைப் பிடித்துத் தொங்குகின்றன. அதனால்தான் அதை முடக்கும் மருந்துகளைத் தேடுகிறார்கள்.

தமிழில்? 'மடிப்புதவிப் புரதம்' எனலாம்தான், ஆனால் நியூக்ளியோபிளாஸ்மின் எதையும் மடிக்கவில்லையே. சங்க அகப்பாடல்களின் செவிலித்தாய் அச்சு அசலாகப் பொருந்துகிறாள், தலைவியைக் கண்காணிப்பவள் அவள்தான். இன்றோ செவிலி என்றால் நர்ஸ். 'துணைப்புரதம்' ரொம்பப் பொதுவானது. என் ஓட்டு 'வழித்துணைப் புரதம்' என்பதற்கு: கூட வரும், சேர வேண்டிய இடம் வந்ததும் போய்விடும். 'வெப்ப அதிர்ச்சிப் புரதம்' (ஹெச்எஸ்பி என்பதன் விரிவு) என்பதை இதற்கு மாற்றாக எழுதாதீர்கள், எல்லா ஷாப்பரோன்களும் சூட்டில் பெருகுபவை அல்ல.