முள் இல்லாமலே பஞ்சர் ஆவது எப்படி?

"புது டியூப், புது டயர். அப்படியும் என் சைக்கிளின் பின் சக்கரம் அடிக்கடி பஞ்சர் ஆகிறது. முள் எதுவும் இல்லை என்கிறார் கடைக்காரர். யாரை நம்புவது?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். கடைக்காரரை நம்பலாம். ஒட்டும் முன் ஓட்டை எங்கே, எந்த வடிவில் இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

டியூபைக் கழற்றும் முன் வால்வு வாயில் எச்சில் தடவுங்கள். குமிழ் வந்தால் உள்ளே இருக்கும் வால்வு டியூபை மாற்றினாலே வேலை முடிந்தது. வரவில்லை என்றால், டயரில் வால்வு இருக்கும் இடத்தைச் சாக்பீஸால் குறித்துவிட்டுக் கழற்றுங்கள். அப்புறம் வழக்கம்போல வாளித் தண்ணீர்.

தரைப் பக்கம் ஒற்றைப் புள்ளியாக ஓட்டை இருந்தால் முள், ஆணி, கண்ணாடித் துண்டு. டியூபை டயர்மீது பழையபடி வைத்து, குறியிலிருந்து அளந்தால் டயரில் குத்திய இடம் கிடைத்துவிடும். அங்கே உள்பக்கம் பழைய பனியன் துணியால் தடவுங்கள். வெளியே தெரியாத கருவேல முள் நுனியில் நூல் சிக்கும். அதை எடுக்காமல் ஒட்டினால் அதே இடத்தில் மறுபடி குத்தும். ஓட்டை ரிம் பக்கம் என்றால் ஸ்போக்ஸ் முனைகளை மூடியிருக்கும் ரிம் டேப் என்ற பட்டை விலகி, ஒரு முனை டியூபை உரசியிருக்கிறது.

இனி வாசகரின் பஞ்சர். டியூபில் நல்ல பாம்பு கடித்ததுபோல் அக்கம்பக்கமாக இரண்டு கீறல் இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். இதை வெளியிலிருந்து எதுவும் குத்தவில்லை, ரிம்மே கடித்தது.

பின் சக்கரத்தின்மேல் 50 கிலோ எடை என்று வைத்துக்கொள்வோம். அதைத் தாங்குவது முக்கியமாக உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம். 60 பவுண்டு காற்று என்றால் சதுர அங்குலத்துக்கு 60 பவுண்டு அழுத்தம், அதாவது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 4.2 கிலோ. ஆக, 12 சதுர செ.மீ. அளவு டயர் தரையில் பதிந்தால் போதும். காற்று 30 பவுண்டாகக் குறைந்தால் 24 சதுர செ.மீ. பதிய வேண்டும், அதற்கு டயர் இன்னும் அமுங்கியாக வேண்டும். இந்த நிலையில் சக்கரம் ஒரு பள்ளத்தின் விளிம்பில் மோதுகிறது. விளிம்பில் தொடும் பரப்பு மிகக் குறைவு, விசையோ பல மடங்கு. ஈடுகொடுக்க டயர் அமுங்குகிறது, அமுங்குகிறது, கடைசியில் அமுங்க இடமே இல்லை. விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்குகிறது. ரிம்முக்கு இரண்டு ஓரம், அதனால்தான் இரண்டு கீறல். வண்டி சாய்ந்திருந்தால் ஒன்றோடு போகும். எல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில் நடக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த விபத்து இது!

இதைத் திருஷ்டி என்று சொல்லி ஹேண்டில்பாரில் எலுமிச்சை கட்டுகிறவர்கள் உண்டு. அந்தக் காசுக்குக் காற்றடிக்கலாம் என்பது என் கட்சி.

சரி, ஓட்டையே இல்லாத டியூபில் காற்று எப்படிக் குறைந்தது? ரப்பருக்குள் காற்றின் மூலக்கூறுகள் கரைந்து, மெல்ல ஊர்ந்து மறுபக்கம் வெளியேறுகின்றன. இன்றைய டியூப்கள் பெரும்பாலும் பியூட்டைல் ரப்பர், அதில் இயற்கை ரப்பரைவிடக் கசிவு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். இருந்தாலும் சில வாரம் சும்மா நின்ற சைக்கிளில் காற்று இறங்கத்தான் செய்யும். வாரம் ஒரு முறை பம்பை எடுங்கள். பின் சக்கரத்துக்கு முன்சக்கரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக அடிக்கலாம், டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் உச்ச அளவைத் தாண்டாமல்.