பாறையில் வரி தெரிந்தால் மட்டும் போதாது

பாறை அடுக்குகளில் பதிந்த வானியல் சுழற்சிகளை எண்ணிக் காலத்தை அளக்கலாம். ஸ்பெயினின் வடகரையில் சுமாயா என்று ஓர் ஊர். அங்கே கடலோரப் பாறைச் சுவர் முழுக்க வெளிறிய சுண்ணாம்புக்கல்லும் களிமண் கலந்த கருத்த மார்ல் என்னும் சுண்ணாம்புப் பாறையும் மாறி மாறி அடுக்கியிருக்கும். ஒரு வெளிறிய அடுக்கும் ஒரு கருத்த அடுக்கும் சேர்ந்தால் ஓர் இணை. பூமியின் அச்சு பம்பரம்போல் தலையாட்டும் சுமார் 20,000 ஆண்டுச் சுழற்சிதான் அங்கே ஓர் இணை. ஏறக்குறைய ஐந்து இணைகள் சேர்ந்தால் ஒரு கட்டு. அது பூமியின் பாதை நீண்டு சுருங்கும் சுமார் 1,00,000 ஆண்டுச் சுழற்சி.

இப்படிக் கண்ணுக்கே தெரியும் இடங்கள் குறைவு. மற்ற இடங்களில் பாறை மாதிரிகளை எடுத்து, அவற்றின் வேதியியலைத்தான் நம்ப வேண்டும். பெரும்பாலான தவறுகள் மாதிரி எடுக்கும்போதே நடந்துவிடுகின்றன. இணை 40 செ.மீ. தடிமன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் இணைக்கு இரண்டு மாதிரி, அதாவது 20 செ.மீ.க்கு ஒன்று போதும் என்று கணக்கு சொல்லும். ஆனால் படிவு வேகம் குறைந்து இணை 25 செ.மீ. ஆகிவிட்டால், அதே இடைவெளி அதை 100 செ.மீ. அலையாகக் காட்டும். பாறையில் இல்லாத சுழற்சி அது! 4 செ.மீ.க்கு ஒன்று எடுங்கள்.

எக்ஸ் கதிர் பாய்ச்சித் தனிமங்களின் அளவைக் காட்டும் கையடக்க எக்ஸ்ஆர்எஃப் கருவியை வெயில் மழை பட்ட மேற்பரப்பில் வைக்காதீர்கள். உடைத்த புது முகத்தைத் தட்டையாக்கி, உலர்த்தி, விரிசல்களை நிரப்பிய கால்சைட் நரம்புகளைத் தவிர்த்து வையுங்கள். அலுமினியத்தின் எக்ஸ் கதிர் பலவீனமானது; காற்றே அதை விழுங்கிவிடும். ஹீலியம் செலுத்தி அளந்தால்தான் எண் நம்பத்தக்கது.

கால்சியத்தை மட்டும் பார்ப்பதும் ஆபத்து. புதைந்தபின் சுண்ணாம்பு ஓர் அடுக்கில் கரைந்து அடுத்த அடுக்கில் உறையும். மங்கலான வரி பளிச்சென்று மாறிவிடும். டைட்டானியமும் அலுமினியமும் பெரும்பாலும் களிமண்ணோடு வந்து அங்கேயே தங்குபவை. சுண்ணாம்பு கூடினாலும் குறைந்தாலும் இரண்டும் ஒன்றாகவே நீர்க்கும், விகிதம் மாறாது. கால்சியம்/டைட்டானியத்தோடு டைட்டானியம்/அலுமினியத்திலும் அதே துடிப்பு தெரிகிறதா என்று பாருங்கள். விகிதங்களை மடக்கையாக்கிவிட்டே அலசுங்கள்.

எந்தத் தடிமனில் துடிப்பு வலுவாக இருக்கிறது என்று காட்டும் அலைவரிசை வரைபடத்தில், தற்செயலை விலக்கும் 95% கோட்டைத் தாண்டிய முகடு கிடைத்ததும் மகிழ்ந்துவிட வேண்டாம். 200 அலைவரிசைகளைச் சோதித்தால் பத்து முகடுகள் தற்செயலாகவே தாண்டும். பார்க்க வேண்டியது இணை, கட்டு, அதைவிடப் பெரிய கட்டு ஆகியவற்றின் தடிமன் விகிதம்: 1:5:20. அந்த 20 என்பது 4,05,000 ஆண்டுச் சுழற்சி. வெள்ளியும் வியாழனும் இழுப்பதால் வருவது. கோள்களின் பாதைக் கணக்கு குழம்பிப்போகும் தொல்பழங்காலத்துக்கும் அதை மட்டும் நம்பலாம். பாறையை முதலிலேயே வானியல் கணக்கோடு பொருத்திவிட்டு, பிறகு அதில் வானியல் சுழற்சி இருக்கிறது என்று சொல்வது சான்றே ஆகாது. பொருத்துவதற்கு முன்பே, ஆழ அளவிலேயே அந்த விகிதம் தெரிய வேண்டும்.

எரிமலைச் சாம்பல் அடுக்குகள் இருந்தால் விடாதீர்கள். இரண்டு சாம்பலுக்கு நடுவே 20 கட்டுகள் எண்ணுகிறீர்கள். சாம்பலிலுள்ள ஜிர்கான் படிகங்களின் யுரேனியம்–ஈய வயதோ 25 லட்சம் ஆண்டு இடைவெளி காட்டுகிறது. ஐந்து கட்டுகளைக் காணோம். கணினியை மூடிவிட்டுப் பாறைக்குத் திரும்புங்கள். அடுக்குகள் விடுபட்டதைக் காட்டும் அரிப்பு முகம், புழுத்துளை நிறைந்த கெட்டித் தளம், திடுமெனக் கரடாகும் மணல், இவை எங்கே இருக்கின்றன என்று விரலால் தடவித் தேடுங்கள்.