கணுக்காலில் கட்டும் மணல் பை வேகத்தைத் தராது

சென்ற வாரம் சுங்கை சிப்புட்டிலுள்ள என் இயன்முறை சிகிச்சை அறைக்குப் படிவம் 3 மாணவன் ஒருவனை அவன் தந்தை கைத்தாங்கலாக அழைத்து வந்தார். பின்தொடையில் முழங்கால் மடிப்பு வரை கருநீலமாக இரத்தம் கட்டியிருந்தது. பழைய ஜீன்ஸை வெட்டித் தைத்த இரண்டு மணல் பைகளையும் அவர் கொண்டுவந்திருந்தார். நிறுத்துப் பார்த்தபோது ஒவ்வொன்றும் ஒன்றரைக் கிலோ இருந்தது. அவற்றைக் கணுக்காலில் கட்டிக்கொண்டு செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் ஓடியபோதுதான் தசை கிழிந்திருக்கிறது. இந்த ஆண்டில் இப்படி வந்த நான்காவது பிள்ளை இவன்.

"பையை அவிழ்த்தா கால் பஞ்சு மாதிரி ஆயிடும் சார், வேகம் தானா வரும்" என்றார் தந்தை. அது சற்று நேரத்தில் மறைந்துவிடும் உணர்வு, வேகமன்று. முழு வேகத்தில் ஓடுபவரின் பாதம் ஒவ்வோர் அடியிலும் ஏறத்தாழ 0.1 வினாடிதான் தரையில் படுகிறது. அதற்குள் தரையை எவ்வளவு பலமாக உதைக்கிறோம் என்பதைப் பொறுத்தே வேகம் அமைகிறது. கணுக்கால் எடை அந்த உதையை வளர்ப்பதில்லை, கால் வீச்சை மந்தமாக்குகிறது. முன்னே வீசிய காலைத் தரையில் ஊன்றுவதற்குச் சற்று முன் பிடித்து நிறுத்துவது பின்தொடைத் தசை. விரைவோட்டத்தில் அது பெரும்பாலும் கிழிவதும் அந்தக் கணத்தில்தான். கயிற்றின் நுனியில் கல்லைக் கட்டிச் சுழற்றிப் பாருங்கள், கை படும் பாடு தெரியும். அந்தப் பாட்டைத்தான் பிள்ளையின் தசைமேல் ஏற்றுகிறோம்.

பலம் கூட்ட ஸ்குவாட்டும் (எடையைத் தாங்கி உட்கார்ந்து எழுவது) டெட்லிஃப்டும் (தரையிலுள்ள எடையைப் பிடித்து நிமிர்வது) போதும். முதலில் எடையின்றி முறையைப் பழகி, பிறகு தெரிந்தவர் கண்காணிப்பில், தடுமாறாமல் 6 முதல் 8 முறை தூக்கக்கூடிய எடையுடன் வாரம் இரு நாள், இடையில் 48 மணி நேர ஓய்வோடு செய்யட்டும். முறையாகச் செய்தால் வளர்த்தி நின்றுவிடாது. அந்தப் பயம் வேண்டாம். பின்தொடைக்கு நோர்டிக் பயிற்சி: மண்டியிட்டவரின் கணுக்கால்களை ஒருவர் பிடித்துக்கொள்ள, உடலை நேராக வைத்து மெல்ல முன்னே சாய வேண்டும். காற்பந்து வீரர்களிடம் நடந்த ஆய்வுகளில் இது பின்தொடைக் காயத்தை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்திருக்கிறது. இதற்குக் காசும் தேவையில்லை. மணலைப் பயன்படுத்தியே தீர வேண்டுமென்றால், தேய்ந்த கார் டயரில் கொஞ்சம் போட்டு, இடுப்பில் கயிறு கட்டி 20 மீட்டர் இழுக்கட்டும். புறப்பாட்டு வேகத்திற்கு அது உதவும்.

இன்னொன்றையும் கெஞ்சிக் கேட்கிறேன். தசை கிழிந்த முதல் சில நாள்களில் எண்ணெய் போட்டு உருவாதீர்கள், இரத்தக் கசிவு கூடும். இந்தப் பிள்ளையை இரண்டு நாள் உருவிய பிறகே என்னிடம் அழைத்து வந்தார்கள்.